சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: இது காப்பீடு அல்ல

2009-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை தன் மக்களை ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றியது.

அந்தக் காலத்து நிலவரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆறு மாதம் முன்புதான் ஏ.ஐ.ஜி. என்ற உலக மகா காப்பீட்டு நிறுவனம் தலைகுப்புறக் கவிழப் பார்த்தது. அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்தது. அதன் தலைமையகம் அதே நியூயார்க் நகரம். அதைக் கவிழ்த்த பிரிவு எங்கள் கண்காணிப்பில் வராது என்று காப்பீட்டுத் துறையினர் விளக்கம் சொன்னார்கள். சட்டப்படி சரியான விளக்கம்தான், குறை சொல்ல முடியாது.

கண்காணிப்பில் வந்தது வேறொன்று. நகரில் சில கிளினிக்குகள் வைத்திருந்த ஒரு மருத்துவர், காப்பீடு இல்லாதவர்களிடம் மாதம் 79 டாலர் வாங்கிக்கொண்டு, எத்தனை முறை வந்தாலும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஒரு 10 டாலர், அவ்வளவுதான். துறை விழித்துக்கொண்டது. எப்போது வரும், எத்தனை முறை வரும் என்று தெரியாத நோய்க்கு முன்கூட்டியே ஒரு நிலையான தொகை வாங்குகிறாயா? அது காப்பீடு. காப்பீடு விற்க உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா? கையிருப்பு நிதி இருக்கிறதா? இல்லையென்றால் நிறுத்து.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. நோய்த் தடுப்புப் பரிசோதனைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் நோய் என்று வருகிறவரிடம் அடக்கவிலைக்குக் குறையாமல் வாங்க வேண்டும். 10 டாலர் 33 டாலர் ஆயிற்று. காப்பீடு வாங்க வக்கில்லாத நோயாளியின் நலனைக் காப்பதற்காக, அந்த நோயாளியிடமே ஒவ்வொரு முறையும் 23 டாலர் கூடுதலாகப் பிடுங்க வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. இதற்கு அங்கே நுகர்வோர் பாதுகாப்பு என்று பெயர்.

மருத்துவர் செய்த குற்றத்துக்கு டைரக்ட் பிரைமரி கேர் என்று பெயர். சுருக்கமாக டி.பி.சி. பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ஒரு குடும்ப மருத்துவர், ஒரு மாதச் சந்தா. சளி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நாலு தையல், காதுவலி, ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு போன். நடுவில் காப்பீட்டு நிறுவனம் இல்லை. பில் குறியீடு எழுத ஆள் இல்லை. இந்த ஸ்கேனுக்கு அனுமதி உண்டா என்று கம்பெனிக்குப் போன் போட்டு, நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்க வேண்டியதில்லை. கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 2010-இல் தொடங்கிய அட்லஸ் எம்.டி. கிளினிக், குழந்தைக்கு மாதம் 10 டாலர், இளவயதினருக்கு 50, நடுவயதினருக்கு 75, முதியோருக்கு 100 என்று பகிரங்கமாக விலைப்பட்டியல் போட்டது. அமெரிக்க மருத்துவ உலகில் விலையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வது சபையில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்ன மாதிரி. நாகரிகமான ஆஸ்பத்திரி சிகிச்சையை முதலில் கொடுக்கும். நோயாளி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கிய பிறகு பில்லைத் தபாலில் அனுப்பும்.

காப்பீட்டைக் கட்டி மேய்க்கும் வேலையை 1945-ஆம் ஆண்டு மெக்காரன் ஃபெர்குசன் சட்டம் மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. ஆக 50 மாநிலம், 50 காப்பீட்டுத் துறை, ஒரே ஸ்டெதஸ்கோப்புக்கு 50 விளக்கம். மேற்கு வர்ஜீனியாவில் மாதம் 83 டாலருக்கு வைத்தியம் பார்த்த ஒரு மருத்துவரையும் இது காப்பீடா என்ற இதே கேள்வி துரத்தியது. சட்டமன்றம் மனமிரங்கி 2006-இல் ஒரு முன்னோட்டத் திட்டம் கொண்டுவந்தது. முழுச் சட்டம் வர 2017 ஆயிற்று. நோயாளியிடம் காசு வாங்கி நோயைப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு ஒரு மாநிலம் பதினோரு வருஷம் சோதனை ஓட்டம் நடத்தியிருக்கிறது. ராக்கெட் விடுகிறவர்களே இவ்வளவு நிதானம் காட்டுவதில்லை.

இதில் புதுசாக ஏதாவது இருந்தாலாவது தயக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். 1910-லேயே வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரில் வெஸ்டர்ன் கிளினிக் என்று ஒன்று நடந்தது. மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஆளுக்கு மாதம் 50 சென்ட். வைத்தியம் அந்த கிளினிக்கின் மருத்துவர்களே பார்த்தார்கள். 1929-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராஸ், லூஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் நகரக் குடிநீர், மின்சாரத் துறை ஊழியர்களுக்கு இதே மாதிரி மாதச் சந்தாவில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பரிசாக உள்ளூர் மருத்துவச் சங்கம் அவர்களை வெளியேற்றியது. அந்த நாளில் பூசாரி மருத்துவச் சங்கம். பிற்பாடு காப்பீட்டுத் துறை. கும்பிட வந்தவனை வாசலிலேயே நிறுத்தும் வேலை மட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது.

தலைநகர் வாஷிங்டனில் 1937-இல் மத்திய அரசு ஊழியர்கள் சேர்ந்து குரூப் ஹெல்த் அசோசியேஷன் என்று ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். மாதச் சந்தா, சொந்த மருத்துவர்கள். இது காப்பீடா என்று வழக்குப் போயிற்று. இல்லை என்று 1939-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கூட்டுறவை நசுக்கச் சதி செய்த குற்றத்துக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் தண்டிக்கப்பட்டு, அந்தத் தண்டனையை 1943-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அதாவது 1939-இல் விடை கிடைத்துவிட்ட கேள்வியைத்தான் 2009-இல் நியூயார்க் அதிகாரி புதிதாகக் கண்டுபிடித்தார். தலைநகர் தீர்ப்பு நியூயார்க்கைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரி. தீர்ப்பு மாநில எல்லையில் நிற்கட்டும், புத்தியுமா செக்போஸ்டில் நிற்க வேண்டும்?

விடுதலையும் வந்தது. 2007-இல் வாஷிங்டன் மாநிலம் முதன்முதலாகச் சட்டம் போட்டது: டி.பி.சி. காப்பீடு அல்ல. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். மருத்துவம் பார்ப்பது மருத்துவம்தான் என்று 30 சட்டமன்றங்கள் கூடி விவாதித்து, ஓட்டெடுத்து, ஆளுநரின் கையெழுத்து வாங்கி நிலைநாட்டியிருக்கின்றன. அடுத்து தண்ணீர் நனைக்கும் என்று ஒரு மசோதா வரும் என எதிர்பார்க்கிறேன்.

ஆனால் அரசாங்கம் விடுதலை கொடுத்தால் கூடவே ஒரு சங்கிலியும் கொடுக்கும், ஞாபகத்துக்கு. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, காப்பீடு அல்லாத இந்த கிளினிக், வருஷா வருஷம் காப்பீட்டு ஆணையரிடம் விவரக் கணக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை நோயாளி, எவ்வளவு கட்டணம் என்று அந்தக் காப்பீட்டு ஆணையர் சட்டமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். பக்கத்து மாநிலமான ஓரிகன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அங்கே இந்த முறையில் தொழில் நடத்த, காப்பீட்டை மேற்பார்க்கும் துறையிடமே சான்றிதழ் வாங்க வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்பதற்குக் கல்யாணப் பதிவாளரிடம் வருஷா வருஷம் போய் நிற்கும் பிரம்மச்சாரி கதை இது.

இந்தச் சட்டங்களின் உயிர்நாடி ஒரு வாக்கியம். எல்லா மாநிலமும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் கேட்கிறது. ஒப்பந்தத் தாளில், கண்ணில் படும்படி, இது காப்பீடு அல்ல, முழு மருத்துவக் காப்பீட்டுக்கு இது மாற்றும் அல்ல என்று அச்சடித்திருக்க வேண்டும். நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். 

ஒரு லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். வயது 52. சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. கிளினிக்கில் வந்து உட்கார்ந்து, பேனாவை வாங்கி, இது காப்பீடு அல்ல என்பதைப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போடுகிறார். மாதம் 75 டாலர். மருத்துவர் அவர் காலணியைக் கழற்றச் சொல்லி, பாதத்தை விரல் விரலாகப் பார்க்கிறார். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம், அவருக்கே தெரியாது, உணர்ச்சி இல்லை. அதைக் கழுவிக் கட்டுப்போட்டு, ரத்தம் எடுத்து, தன் போன் நம்பரைக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து அனுப்புகிறார்.

அதே டிரைவருக்கு, அவர் வேலை செய்யும் கம்பெனி மூலம் ஓர் அசல் காப்பீடும் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆனால் வருஷத்தில் முதல் சில ஆயிரம் டாலர் செலவை அவரே கைக்காசில் கட்டித் தீர்த்த பிறகுதான் காப்பீட்டு நிறுவனம் கண் திறக்கும். இதற்கு டிடக்டிபிள் என்று பெயர். பாதத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அந்தக் காப்பீட்டு அட்டையைக் கையில் கொடுத்தபோது, இது மருத்துவம் அல்ல என்பதைப் புரிந்துகொண்டேன் என்று அவரிடம் யாராவது கையெழுத்து வாங்கினார்களா? எந்த மாநிலத்திலும், எந்தச் சட்டத்திலும், எந்த எழுத்தளவிலும் அப்படி ஒரு வரி இல்லை. வைத்தியம் பார்க்கிறவன் நான் காப்பீடு அல்ல என்று ஊருக்குத் தண்டோரா போட வேண்டும். காசை வாங்கிக்கொண்டு வைத்தியத்தை மறுக்கிறவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. யாரால் யாருக்கு ஆபத்து என்று இந்த அரசாங்கங்கள் நினைக்கின்றன என்பது இந்த ஒரு காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். டிரைவருக்கு எச்.எஸ்.ஏ. என்று ஒரு கணக்கு உண்டு. டிடக்டிபிள் பெரிதாக உள்ள காப்பீடு வைத்திருப்பவர்கள், மருத்துவச் செலவுக்காக வரி பிடித்தம் இல்லாமல் காசு சேர்க்கலாம் என்று மத்திய அரசு கொடுத்த சலுகை அது. அவர் கட்டும் 75 டாலரை அந்தக் கணக்கிலிருந்து கொடுக்கலாம் அல்லவா? அங்கேதான் வருமான வரித்துறை வந்து நின்றது. நீ மாதச் சந்தா கட்டுகிறாய். ஆகவே உனக்கு இரண்டாவதாக ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. இரண்டு திட்டம் உள்ளவர் எச்.எஸ்.ஏ.வில் காசு போடவே கூடாது. 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகளிலும் துறை இதே நிலையில்தான் நின்றது.

மறுபடியும் படித்துப் பாருங்கள். மாநில அரசு இது காப்பீடு அல்ல என்று கையெழுத்து வாங்கியிருக்கிறது. மத்திய அரசு இது காப்பீடு மாதிரித்தான் என்று சலுகையைப் பறித்தது. ஒரே 75 டாலர். ஒரே கொப்புளம். காலையில் காப்பீடு இல்லை, வரிப் படிவம் நிரப்பும் சாயங்காலத்தில் காப்பீடு. எப்படிப் போட்டாலும் பகடை டிரைவருக்கு எதிராகத்தான் விழுந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 2025 வரை ஆயிற்று. அந்த ஆண்டு நிறைவேறிய பெரிய பட்ஜெட் சட்டத்தில் ஒரு மூலையில் தீர்வு எழுதியிருக்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல், தனி நபருக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர் வரை உள்ள டி.பி.சி. சந்தா, எச்.எஸ்.ஏ.வுக்கு இடைஞ்சல் இல்லை. வாழ்த்துகள். ஆனால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை அதில் சேரக்கூடாது. தடுப்பூசி தவிர வேறு மருந்து சேரக்கூடாது. ஆரம்ப மருத்துவ கிளினிக்கில் வழக்கமாகச் செய்யாத ரத்தப் பரிசோதனை சேரக்கூடாது. 150 டாலர் வாங்கினால் வைத்தியர். 151 வாங்கினால் அவர் மறுபடி சந்தேகத்துக்குரிய ஆசாமி. சர்க்கரை அளவுக்குத்தான் எல்லைக்கோடு உண்டு என்று இருந்தோம், மருத்துவரின் இயல்புக்கே டாலரில் எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள்.

வயதானவர்களிடம் வருவோம். 65 தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு. அதில் வரும் சேவைக்குத் தனியாகச் சந்தா வாங்கும் மருத்துவர், மெடிகேரை விட்டே விலக வேண்டும். அதற்குப் பிரமாணப் பத்திரம். முதல் ஒப்பந்தம் போட்ட 10 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். விலகினால் இரண்டு வருஷத்துக்கு விலகியதுதான். ஒவ்வொரு முதியவரோடும் தனி ஒப்பந்தம். எழுத்து அவர்கள் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இந்த ஒரு விதிக்கு நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன், கிண்டல் இல்லை. அதே கரிசனம் ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கத்துக்கும் வரட்டும். புதிதாகக் கடை திறந்த மருத்துவர், வாடகையைச் சமாளிக்கப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வார்டு டூட்டி பார்க்கலாம் என்று போனால், மெடிகேரில் பில் போட முடியாத ஆள் எங்களுக்கு எதற்கு என்று கதவைச் சாத்துவார்கள். விலகல் கிளினிக்குக்கு இல்லை, ஆளுக்கு.

மாத்திரைக் கதை இன்னும் ருசி. டி.பி.சி. மருத்துவர்கள் பலர் சாதாரண மாத்திரைகளை மொத்த விலையில் வாங்கி, ஏறக்குறைய அதே விலைக்கு நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கான பழைய மாத்திரை ஒன்று சில சென்ட்தான். பெரும்பாலான மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன. டெக்சாஸ் அனுமதிக்காது. அவசரத் தேவைக்கு 72 மணி நேரத்துக்கு உண்டானது மட்டும் கொடுக்கலாம். கிராமப்புறத்தில், 15 மைலுக்குள் மருந்துக்கடை இல்லாவிட்டால் மட்டும் விதிவிலக்கு. மொன்டானாவிலும் இப்படி ஒரு தடை இருந்தது. மருத்துவர்கள் 2020-இல் கோர்ட்டுக்குப் போக, 2021-இல் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். டெக்சாஸில் தடைக்குச் சொல்லும் காரணம் நோயாளியின் பாதுகாப்பு. அந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பவரும் அதே மருத்துவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. எழுதும்போது நல்லவர். எடுத்துக் கொடுத்தால் ஆபத்தானவர். நாலாவது நாள் முதல் அந்த ஆபத்து ஆரம்பிக்கிறது. 15 மைல் தள்ளிப் போய்விட்டால் ஆபத்து கரைந்துவிடுகிறது. மருந்துக்கடைக்காரரின் கல்லாவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து நோயாளியின் பாதுகாப்பை அளக்கும் விஞ்ஞானம் டெக்சாஸுக்குக் கைவந்திருக்கிறது.

கிளினிக் கொஞ்சம் வளர்ந்து, ஒரு ஸ்கேன் மெஷின் வைக்கலாம் என்று ஆசைப்பட்டால், பல மாநிலங்களில் தேவைச் சான்றிதழ் என்ற இன்னொரு வாசல்படி. இந்த ஊருக்கு இன்னொரு மெஷின் தேவைதான் என்று நிரூபிக்க வேண்டும். இதை நியூயார்க் 1964-இல் தொடங்கியது. 1974-இல் மத்திய அரசு எல்லா மாநிலங்கள் மீதும் திணித்தது. செலவு குறையவில்லை என்று தெரிந்து பிற்பாடு மத்திய அரசே கைகழுவிவிட்டது. சுமார் 35 மாநிலங்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் ஆட்சேபம் தெரிவிக்க, ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு உரிமை உண்டு. எதிர்க்கடைக்காரர் சம்மதித்தால்தான் உனக்குக் கடை. வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் நகரில் ஓர் அறுவை மருத்துவர், ஆஸ்பத்திரிகள் வாங்குவதில் ஒரு பங்கு விலைக்கு, 500 முதல் 700 டாலருக்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்று வந்தார். சொந்தமாக ஒரு நிலையான மெஷின் வைக்க மாநிலச் சட்டம் விடவில்லை. 2018-இல் அவர் மாநிலத்தின் மீதே வழக்குப் போட வேண்டியதாயிற்று. மலிவாக வைத்தியம் பார்க்கிறேன் என்றவர் கோர்ட்டு வாசலில் நின்றார். அதிக விலை வாங்கியவர்கள் ஏசி அறையில் ஆட்சேபக் கடிதம் எழுதும் உரிமையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது இந்தக் கதையின் பெரிய நகைச்சுவைக்கு வருகிறேன். மருத்துவர் கொஞ்சம் காப்பீட்டாளர் மாதிரித் தெரிந்தால் சட்டம் பாய்கிறது என்று பார்த்தோம். காப்பீட்டாளர் மருத்துவராக மாறினால்? அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டுக் குழுமம் யுனைட்டட் ஹெல்த். அதன் ஆப்டம் என்ற பிரிவிடம், சம்பளத்திலோ ஒப்பந்தத்திலோ, 2023 நிலவரப்படி ஏறத்தாழ 90,000 மருத்துவர்கள். நாட்டிலுள்ள மருத்துவர்களில் பத்தில் ஒருவர் என்று கணக்கு. பிரீமியம் வாங்குவதும் அவர்களே, வைத்தியம் பார்ப்பதும் அவர்களே, இந்த வைத்தியம் தேவையா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்களே, மருந்து விலைக்குத் தரகு பேசுவதும் அவர்களே. தனி மருத்துவர் 79 டாலர் வாங்கியபோது அவர் எல்லை தாண்டிவிட்டார் என்று கண்டுபிடித்த கழுகுக் கண்களுக்கு இந்த யானை தெரியவில்லை. இதற்கு வியாபார மொழியில் ஒருங்கிணைப்பு என்று பெயர். ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு போடுவார்கள். மருத்துவ ஆலோசனை அறையைக் கம்பெனிகள் நடத்தக்கூடாது என்று பல மாநிலங்களில் பழைய விதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பெரிய கம்பெனிகள் மேலாண்மை ஒப்பந்தம் என்று பெயர் மாற்றி அதைத் தாண்டிப் போய்விட்டன. விதி இன்னும் அமலில்தான் இருக்கிறது. தாண்டத் தெரியாதவர்கள் மேல்.

அதற்காக டி.பி.சி. மருத்துவர்களுக்கு நான் சாமரம் வீச வரவில்லை. அவர்கள் கூட்டத்திலும் கொஞ்சம் பஜனை அதிகம். சாதாரண குடும்ப மருத்துவர் 2,000 பேருக்கு மேல் பார்க்கிறார். டி.பி.சி. மருத்துவர் அறுநூறு பேரோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அறுநூறு பேருக்கு சொர்க்கம், மிச்சம் பேர் எங்கே போவார்கள் என்று கேட்டால் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் காப்பீடே இல்லாதவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர். சந்தை அவர்களை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. டிரைவருக்கு மாரடைப்பு வந்தால் 75 டாலர் சந்தா ஆம்புலன்ஸுக்குக்கூடப் பற்றாது. முன்பணம் வாங்கிக் கம்பி நீட்டும் போலித் திட்டங்கள் அங்கே உண்டு என்பதும் பொய் இல்லை, ஆகவே இது முழுக் காப்பீடு ஆகாது என்று சொல்லச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த இயக்கத்தின் முன்னோடியான சியாட்டிலின் கிளையன்ஸ் நிறுவனம், ஜெஃப் பெசோஸ், மைக்கேல் டெல் போன்றவர்களின் முதலீடு வாங்கியும், 2017-இல் கடையைச் சாத்தியது. சந்தா கட்டிய நோயாளிகள் அடுத்த மருத்துவரைத் தேடி அலைந்தார்கள். 

ஆக, கண்காணிப்பு வேண்டும். யாரைக் கண்காணிப்பது என்பதில்தான் என் கோபம். மெடிகேர் விலகல் பத்திரம் ஒரு நாள் தாமதமானால் மருத்துவருக்குத் தலைவலி. காப்பீட்டு நிறுவனம் ஒரு புற்றுநோயாளியின் ஸ்கேனை மூன்று வாரம் தாமதித்தால் அதற்குப் பெயர் பரிசீலனை. கொசுவை அடிக்கக் கோடாலி வைத்திருக்கும் அரசாங்கம், எருமை வரும்போது மட்டும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எருமையிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். தேர்தல் நிதி இருக்கிறது. துறையை விட்டு ஓய்வு பெற்றபின் உட்கார நாற்காலியும் இருக்கிறது. மாதம் 75 டாலர் வாங்குகிறவரிடம் என்ன இருக்கிறது? ஒரு ஸ்டெதஸ்கோப்.

என் பங்குக்கு ஒரு சட்ட வரைவு தயாரித்திருக்கிறேன். கட்டணம் வேண்டாம், எந்த மாநிலமும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும், பெயருக்கு மேலே, பெயரைவிடப் பெரிய எழுத்தில் இப்படி அச்சடிக்க வேண்டும்: "இது மருத்துவம் அல்ல. மருத்துவத்துக்கு இது மாற்றும் அல்ல. இதை வைத்திருப்பவருக்கு மருத்துவர் கிடைப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிடைத்தாலும் அவர் சொல்லும் சிகிச்சைக்குக் காசு கொடுப்பதாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு ஆகும் என்பது எங்களுக்கே தெரியாது." கீழே நிறுவனத் தலைவரின் கையெழுத்து. நோயாளி கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அவர் போட்டது போதும். மேற்கு வர்ஜீனியா விரும்பினால் பதினோரு வருஷம் முன்னோட்டம் பார்த்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் 11 மாநிலங்களில் காப்பீட்டு ஆணையரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிபோர்னியா, வாஷிங்டன், ஜார்ஜியா, வட கரோலினா அந்தப் பட்டியலில் உண்டு. தமிழர்கள் கணிசமாகக் குடியிருக்கும் மாநிலங்கள், குடியுரிமை வாங்கி ஓட்டு வைத்திருப்பவர்களும் நிறைய. வாக்குச்சீட்டில் ஜனாதிபதி பெயரைப் பார்த்துக் குத்திவிட்டு, கீழே இருக்கும் இந்தப் பதவியை யாரோ எவரோ என்று விட்டுவிட்டு வருகிறோம். அடுத்த முறை விடாதீர்கள். வேட்பாளர் கூட்டம் நடத்தினால் போய் உட்காருங்கள். மாதச் சந்தாவில் வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கும் கையெழுத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால், அந்தப் பெயருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.